வீட்டில் பாடிப் பதிவது: ஒரே மூச்சிலா, வரி வரியாகவா?

பதிவில் நம் குரலைக் கேட்டதும் "இதுவா நான்?" என்று மனசு சுருங்கிவிடும். பாடும்போது மண்டை எலும்பு வழியாகவும் குரல் நம் காதுக்குள் போகிறது, அதனால் நமக்குக் கனமாகக் கேட்கும். மைக்குக்கு அந்த வழி இல்லை. அடிக்கடி கேட்டால் பழகிவிடும். எப்படிப் பதிந்து பழகுவது என்பதுதான் கேள்வி.

வரி வரியாகப் பதிந்தால் சுருதி விலகிய இடத்தை மட்டும் திருத்தலாம். மேல் ஸ்தாயியில் எட்டாத வரிக்கு இது நல்ல துணை. ஆனால் ஒரே வரியைப் பதினைந்தாவது தடவை பாடும்போது தொண்டை இறுகி, உணர்ச்சி வற்றிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் மூச்சுச் சத்தம் பாதியில் அறுந்து கேட்கும்.

தைரியம் வரவேண்டும் என்றால் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடுங்கள் என்பேன். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். பதியும் செயலியின் ஒலி அளவுகாட்டியில் (அதில் பூஜ்யம்தான் மேல் வரம்பு) உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால், உரக்கப் பாடும் இடத்தில் பதிவில் குரல் பிளந்து கரகரத்துவிடுமோ என்ற பயம் இருக்காது. ஹெட்போனை ஒரு காதிலிருந்து சற்று விலக்கிக்கொள்ளுங்கள், சொந்தக் குரல் அறையிலிருந்தே காதில் விழும். பல்லவியில் தடுமாறினாலும் போகட்டும், எனக்கு இரண்டாவது சரணத்தில்தான் குரல் திறக்கும். மூன்று முறை பாடிவிட்டு அன்றைக்குக் கேட்காமல் மூடிவிடுவேன். மறுநாள் கேட்டால் அப்படியொன்றும் மோசமில்லை என்று தோன்றும். அப்புறம் உறுத்துகிற ஒன்றிரண்டு வரியை மட்டும் தனியாகப் பாடி ஒட்டினால் போதும்.