இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி: நாலு வருடம் போகாமல் இருந்துவிட்டேன்

கிண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். சம்பளம் 18,000 ரூபாய். அதில் மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, 135 ரூபாய் பிடிப்பார்கள். நம் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். இரண்டும் சேர்த்து மாதம் 720 ரூபாய். நாலு வருடமாகப் போய்க்கொண்டிருந்த இந்தப் பணத்துக்கு நான் ஒரு மாத்திரைகூட வாங்கியதில்லை.

போன வருடம் சர்க்கரை வந்தது, கூடவே பி.பி.யும். ஆதம்பாக்கத்தில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய் ஃபீஸ், மாத்திரைக்குத் தனியாக ஆயிரத்துக்கு மேல். சுற்றுவட்டாரத்தில் மூன்று கிளினிக் ஏறி இறங்கி, “இ.எஸ்.ஐ. எடுப்பீங்களா?” என்று கேட்டேன். மூன்றிலும் இல்லை என்றுதான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கச் சொன்னார். அதற்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; என் சம்பளமே அதைத் தாண்டிவிடுகிறது. அந்த அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெரிய சிகிச்சை எடுக்கும்போது உதவுவது. மாதாந்திரச் சர்க்கரை மாத்திரைக்கு அதை நம்பி அலையாதீர்கள்.

சரி, இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கே, அதாவது அவர்களுடைய சின்ன மருத்துவமனைக்கே, போவோம் என்று போனால் முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்பத்தூரில் குடியிருந்தபோது பதிந்த பெயர் இன்னும் அந்தப் பக்கத்து டிஸ்பென்சரியிலேயே இருந்தது. அரை நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். அப்புறம் எங்கள் ஆபீஸில் சம்பளக் கணக்கு பார்க்கும் தம்பி கம்ப்யூட்டரிலேயே மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்காரர், மகள் இரண்டு பேரையும் அப்போதே சேர்த்துவிட்டேன். வீடு மாறியவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கட்டடம் பழையது, உட்கார நாலு பெஞ்சுதான். எட்டு மணிக்கெல்லாம் வரிசை நிற்கும். ஐ.பி. நம்பரை, அதாவது நம் இ.எஸ்.ஐ. பதிவு எண்ணை, சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் கொஞ்சம் கடுகடுப்பார். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மாவை நான் மறக்க மாட்டேன். பழைய சீட்டு எல்லாவற்றையும் வாங்கிப் படித்தார். நைட் ஷிஃப்டில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். டீயும் பன்னும் என்றேன். “செருப்பைக் கழட்டும்மா” என்று சொல்லி, குனிந்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை பார்த்தார். சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னப் புண் இருந்தது, எனக்கே தெரியாது. காசு வாங்கின இடத்தில் ஒரு நாளும் என் காலைப் பார்த்ததில்லை. சர்க்கரை இருந்தால் வருடம் ஒரு முறை கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் இலவசம். மகளுக்கு இருமல் வந்தபோதும் அங்கேதான் காட்டினேன். இன்னொன்று, உடம்பு முடியாமல் லீவு போட்டால் டாக்டர் தரும் சர்டிஃபிகேட்டை வைத்துச் சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கலாம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். எங்கள் பேக்கிங் லைனில் பாதிப் பேருக்கு இது தெரியாது. காய்ச்சலோடு வேலைக்கு வந்து நிற்கிறார்கள்.

குறை மருந்தில்தான். இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை பி.பி. மாத்திரை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா என்றார்கள். தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒரு வாரம் நிறுத்த முடியுமா? வெளியே காசு கொடுத்துத்தான் வாங்கினேன். ஷிஃப்டில் இருப்பவர்களுக்குக் காலை நேரமும் கஷ்டம். இப்போதெல்லாம் மாத்திரை பத்து நாளைக்கு மிச்சம் இருக்கும்போதே, நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு நேராக அங்கே போய் வரிசையில் நின்றுவிடுகிறேன்.