புவியறிவியல் மேற்படிப்புக்கு கன்சல்டன்சியில் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

நிலவியல், புவி இயற்பியல், புவி வேதியியல், நீரியல் என்று ஏதாவது ஒன்றில் வெளிநாட்டில் முதுகலையோ பிஎச்டியோ படிக்கலாம் என்றிருப்பவர்கள், விண்ணப்ப வேலையை ஒரு கன்சல்டன்சியிடம் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஓர் அட்மிஷன் சீசன் முழுக்க வீணாகப் போனது, பணமும் போனது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஜிஆர்இ, அதாவது மேற்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வு. அது இல்லாவிட்டால் அமெரிக்காவில் எந்தத் துறையும் திரும்பிக்கூடப் பார்க்காது என்றார் கவுன்சலர். பயிற்சி வகுப்பையும் அவர்களே நடத்துகிறார்கள், அதற்குக் கட்டணம் தனி. உண்மையில் அங்குள்ள புவியறிவியல் துறைகள் பல சமீப ஆண்டுகளில் ஜிஆர்இ கேட்பதையே விட்டுவிட்டன. அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று சொல்லும் துறைகளும் உண்டு. விண்ணப்பக் கட்டணமும் இதே கதைதான். முறையாகக் கேட்டால் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு வழி இருப்பதையே சொல்லாமல் எல்லாவற்றுக்கும் முழுத் தொகை வசூலித்தார்கள்.

அடுத்தது எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு மாணவர் எழுதித் தரும் கட்டுரை. என் முதுகலை ஆய்வு 250 கோடி ஆண்டு பழைய நைஸ் என்ற உருமாறிய பாறைகளில். பாறையை நொறுக்கி, சலித்து, அதிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகளைப் பிரித்தெடுத்து, யுரேனியம்–ஈயம் முறையில் வயது பார்க்கிற வேலை. நான் எழுதிக் கொடுத்ததை அவர்களுடைய ரைட்டர் 'பாலிஷ்' செய்து திருப்பி அனுப்பினார். சின்ன வயதில் கடற்கரையில் கூழாங்கல் பொறுக்கும்போதே பூமித்தாயின் ரகசியங்கள் என்னை அழைத்தனவாம். சரி, அது போகட்டும். அடுத்த பத்தியில், 'கார்பன் டேட்டிங் மூலம் 250 கோடி ஆண்டுப் பாறையின் வயதைக் கணித்தேன்' என்று இருந்தது.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு: கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். உயிரோடு இருந்த பொருள்களில், அதிகம் போனால் 50,000 ஆண்டு வரைதான் அதை வைத்து வயது சொல்ல முடியும். பாறைக்கு சிர்கானைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். நிலவியல் படித்த யாராக இருந்தாலும் அந்த ஒரு வரியோடு விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுவார்கள். கேட்டதற்கு, "எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையா இருக்கட்டும்னு மாத்தியிருப்பாங்க" என்று பதில் வந்தது. திருத்திய பிரதியை எனக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனது பழைய பிரதி. அது தெரியவந்தபோது கடைசித் தேதி தாண்டிவிட்டது.

இதைவிடப் பெரிய சேதம் பேராசிரியர்களுக்குப் போன மெயிலில் நடந்தது. ஆய்வுப் படிப்பில், அதுவும் நம் துறையில், கமிட்டி மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி ஆள் எடுப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் ஒரு பேராசிரியர், தன் கையில் ஆய்வு நிதி இருந்து, 'இந்த மாணவர் எனக்கு வேண்டும்' என்று சொன்னால்தான் இடம். அதனால்தான் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடியும் என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே அவருக்கு எழுதிக் கேட்பார்கள்: இந்த ஆண்டு ஆள் எடுக்கிறீர்களா, எந்த ஆய்வுக்கு, பணம் இருக்கிறதா என்று. பிரிட்டனில் பெரும்பாலும் ஒவ்வொரு பிஎச்டி ஆய்வையும் தனித்தனியாகவே தலைப்போடு விளம்பரம் செய்கிறார்கள். ஜெர்மனியில் பல இடங்கள் சம்பள வேலையாகவே வருகின்றன, தரவரிசையைப் பார்த்து எடுக்கிற முடிவே இல்லை இது.

கன்சல்டன்சி என்ன செய்தது தெரியுமா? ஒரே மெயிலை, ஒரே துறையில் இருந்த அத்தனை பேராசிரியர்களுக்கும், எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பியிருக்கிறார்கள். தொல்லுயிரியல் பார்ப்பவருக்கும் பனியாறு பார்ப்பவருக்கும் 'உங்கள் அரிய ஆய்வுகளால் கவரப்பட்டேன்'. அப்படியும் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்: சிர்கானை எப்படிப் பிரித்தாய், எந்தக் கருவியில் அளந்தாய், அடுத்த வாரம் காணொளியில் பேசலாமா என்று. அந்தப் பதில் எனக்கு வரவே இல்லை. காரணம், என் பெயரில் அவர்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கி, விண்ணப்பக் கணக்குகளையும் அதில்தான் திறந்திருந்தார்கள். கடவுச்சொல் கேட்டபோதெல்லாம் 'ப்ராசஸிங்கில் இருக்கிறது' என்றார்கள். சண்டை போட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்தபோது அந்தப் பதில் படிக்கப்படாமலே கிடந்தது. மன்னிப்புக் கேட்டு என் சொந்த முகவரியிலிருந்து எழுதினேன். வேறொருவரை எடுத்துவிட்டதாக நல்லவிதமாகவே பதில் வந்தது.

உள்ளே இன்னொன்றும் இருந்தது. பரிந்துரைக் கடிதத்துக்கான இணைப்பைப் பல்கலைக்கழகம் நேரடியாகப் பேராசிரியருக்கு அனுப்பும். மாணவர் கண்ணில் அது படக் கூடாது. என் வழிகாட்டியின் பெயருக்கு எதிரே அவர் பயன்படுத்தாத ஒரு ஜிமெயில் முகவரி இருந்தது. கடிதமும் பதிவேறியிருந்தது. அவரிடம் கேட்டால், எனக்கு எந்த இணைப்பும் வரவில்லையே என்கிறார். அவர் பெயரில் இவர்களே எழுதிப் போட்டிருக்கிறார்கள். இது சேவைக் குறைபாடு இல்லை, மோசடி. இடம் கிடைத்த பிறகு தெரியவந்தாலும் சேர்க்கையை ரத்து செய்வார்கள், பட்டம் வாங்கிய பிறகும் பிரச்சினை வரலாம். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, அந்தத் துறையின் மேற்படிப்பு அலுவலருக்கு நடந்ததை எழுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன்.

கடைசியில் அவர்கள் வாங்கித் தந்தது, நான் கேட்காத ஒரு சுற்றுச்சூழல் மேலாண்மை முதுகலை. ஆய்வேடு கிடையாது, உதவித்தொகை கிடையாது. ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருவது பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சாதாரண நடைமுறை. நிதியோடு வரும் பிஎச்டி இடத்தில் இவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் டெபாசிட் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்று தினமும் போன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்றுக்கொண்ட ஒரு தீர்மானம் உண்டு: நிதியுதவியோடு வரும் சேர்க்கைக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவருக்கு நேரம் இருக்கிறது. காசு கட்டிப் படிக்கும் இடங்களுக்கு அது பொருந்தாது. அவசரப்படுத்துவதற்கு வசதியான இடங்கள் அவைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'சேவை முழுமையாக வழங்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மெயில் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஏற்கெனவே எங்காவது பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: விண்ணப்பக் கணக்குகள் எந்த மெயில் ஐடியில் இருக்கின்றன என்று கேளுங்கள். தர மறுத்தால் பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகத்துக்கு நீங்களே எழுதி முகவரியை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பேராசிரியர்களிடம் பரிந்துரை இணைப்பு நேரடியாக வந்ததா என்று விசாரியுங்கள். பதிவேறிய எஸ்ஓபியைத் தரவிறக்கி முதல் வரியிலிருந்து படியுங்கள், முக்கியமாக உங்கள் ஆய்வு முறையைப் பற்றி எழுதியிருக்கும் பத்தியை.