55 ஜிபி காலியாக இருந்தும் 'இடமில்லை': பெரிய பிளானுக்குப் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

"பராமரிப்பு எங்கள் பொறுப்பு" என்று சொல்லி சர்வர் வாடகைக்கு விடுபவர்களிடம் மாதாமாதம் காசு கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

எங்கள் அலுவலக மெயில் சர்வருக்கு 200 ஜிபி டிஸ்க். ஃபைல்சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, பிடிஆர்எஃப்எஸ் (Btrfs). நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. அவர்கள் தயார் செய்து தரும் சிஸ்டம் இமேஜே அப்படி, மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல்களை அப்படியே பிடித்து வைப்பது) வேறு. ஒரு திங்கட்கிழமை காலை மெயில் வருவது நின்றுபோனது. லாகில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளை போட்டால் 55 ஜிபி காலி என்கிறது.

சப்போர்ட்டில் முதலில் பழைய ஃபைல்களை அழிக்கச் சொன்னார்கள். அழிக்க ஆரம்பித்ததும் மொத்த ஃபைல்சிஸ்டமும் ரீட்-ஒன்லி ஆகிவிட்டது, படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ முடியாது. அடுத்த ஆலோசனை இன்னும் அழகு: "ரூட்டுக்கு 5 சதவீதம் ஒதுக்கியிருக்கும், டியூன்2எஃப்எஸ் போட்டுக் குறையுங்கள்." அது எக்ஸ்ட்4 என்ற வேறொரு ஃபைல்சிஸ்டத்தின் சமாச்சாரம். இங்கே 'பேட் மேஜிக் நம்பர்' என்று பிழைதான் வரும், வந்தது. கடைசியாக, 400 ஜிபி பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். மெயில் நின்று கிடக்கும்போது பேரமா பேச முடியும்? கட்டினோம். உடனே சரியாகிவிட்டது.

சரியானதால்தான் உண்மையான காரணம் கண்ணில் படாமல் போகிறது. மாறுவதற்கு முன் 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' கட்டளை காட்டியதை எடுத்து வைத்திருந்தேன். டேட்டாவுக்கு ஒதுக்கியது கிட்டத்தட்ட 190 ஜிபி, அதில் 55 காலி. மெட்டாடேட்டாவுக்கு (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது போன்ற குறிப்புகள்) 5 ஜிபி, இரண்டு பிரதி என்பதால் டிஸ்கில் 10. பயன்பாட்டில் 4.5. மிச்சம் அரை ஜிபி இருக்கிறதே என்று தோன்றும். அது 'குளோபல் ரிசர்வ்', 512 எம்பி; கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தன் அவசரத்துக்கு வைத்துக்கொள்வது, நம் மெயிலுக்குத் தராது. யாருக்கும் ஒதுக்காத இடம் 1 எம்பி.

இந்த ஃபைல்சிஸ்டம் டிஸ்கைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இது டேட்டாவுக்கு, இது மெட்டாடேட்டாவுக்கு என்று எழுதி வைத்துவிடும். ஒன்றின் காலியிடம் மற்றதற்கு உதவாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், அதிகபட்சம் எவ்வளவு மெட்டாடேட்டா தேவைப்படுமோ அவ்வளவையும் கெர்னல் பிடித்து வைத்துக்கொண்டுதான் தொடங்கும். ஃபைலை அழிப்பதற்கும் இதே கதைதான்: பழைய பக்கத்தின் மேல் எழுதாமல் புதிதாக எழுதுவதால் அதற்கும் இடம் வேண்டும். ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் டேட்டா இடமும் திரும்பாது. 2 கேபி வரையான குட்டி ஃபைல்கள் மெட்டாடேட்டாவுக்குள்ளேயே போய் உட்காரும். மெயில் சர்வரில் அதற்குப் பஞ்சமா?

முழுக்கக் காலியான துண்டுகளைக் கெர்னல் 3.18 முதல் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அரைகுறையாகக் காலியானவற்றை இயல்பாகத் தொடாது. அவற்றை ஒன்றுசேர்ப்பதுதான் 'பேலன்ஸ்'. எத்தனை சதவீதம் வரை நிரம்பிய டேட்டா துண்டுகளை எடுக்க வேண்டும் என்பதை 'டியூசேஜ்' சொல்லும்; முதலில் 0, அப்புறம் 5, 10 என்று ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்கே இடமில்லை என்றால் சின்ன டிஸ்க் ஒன்றைத் தற்காலிகமாகச் சேர்த்து, பேலன்ஸ் முடிந்ததும் 'டிவைஸ் ரிமூவ்' கொடுத்து எடுக்க வேண்டும். அதற்கு முன் பிடுங்கினால் ஃபைல்சிஸ்டமே போய்விடும். மெட்டாடேட்டாவை பேலன்ஸ் செய்யாதீர்கள், இருக்கிற ஒதுக்கீடும் சுருங்கும்.

பெரிய டிஸ்கில் ஒதுக்காத இடம் வந்ததும் கெர்னல் புதிய மெட்டாடேட்டா துண்டு வெட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பேலன்ஸ் ஓட்டி, ஸ்னாப்ஷாட்டுகளைக் குறைத்திருந்தால் பழைய டிஸ்கே போதும். இனி எடுப்பவர்கள் இரண்டு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: என்ன ஃபைல்சிஸ்டம், பேலன்ஸ் யார் ஓட்டுவார்கள்?

யூசேஜ் விவரத்தை இணைத்து வித்தியாசப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வாடிக்கையாளர் விருப்பப்படி மேம்படுத்தப்பட்டது" என்று பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கும் அந்த இமேஜ் இன்னும் விற்பனையில் இருக்கிறது.