பேண்ட்கேம்ப்: ஸ்ட்ரீமிங்கில் வராத ஆல்பங்களுக்கு ஒரு கடை

கலைஞர்கள் தங்கள் ஆல்பங்களை இணையத்தில் விற்கும் பேண்ட்கேம்ப்புக்கு ஐந்துக்கு நான்கு. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த நான்கு எதற்கு, குறைந்த ஒன்று எதற்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்தது கும்பகோணம், கல்யாணமாகி இங்கே வந்தேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் அவர்களுக்குத் தேவாரத்திலும் காவடிப் பாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டுக் கேட்பது எல்லாம் போனில், மாதச் சந்தா கட்டி.

2025 ஜூலையில் கிங் கிஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் என்ற ஆஸ்திரேலிய ராக் குழு ஸ்பாட்டிஃபை என்ற ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து தன் பாட்டுகளை எடுத்துவிட்டது. ஸ்பாட்டிஃபையின் அப்போதைய தலைமை நிர்வாகி டேனியல் எக்கின் முதலீட்டு நிறுவனம் ஹெல்சிங் என்ற ஜெர்மன் ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெரும் பணம் போட்டிருந்ததுதான் காரணம். என் மாணவன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவன், முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நான் மாசாமாசம் காசு கட்டுறேனே டீச்சர், இவங்க பாட்டுக்குப் போயிட்டா எப்படி?" என்று கேட்டான். கோபம் முழுக்க அந்தக் குழுவின் மேல்.

நீ கட்டுகிற காசு அந்தக் குழுவுக்கு எவ்வளவு போகிறது என்று யோசித்தாயா என்று கேட்டேன். ஸ்ட்ரீமிங் சேவைகள் பெரும்பாலும் எல்லாருடைய சந்தாவையும் ஒன்றாகக் கொட்டி, மொத்தமாக எந்தப் பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று கணக்குப் போட்டுப் பிரிக்கின்றன. மாதம் முழுவதும் நீ ஒரே ஒரு நாதஸ்வரக் கலைஞரைக் கேட்டாலும் உன் காசு நேராக அவரிடம் போகாது. உலகத்தில் அந்த மாதம் அதிகம் ஓடிய பாட்டுகளுக்குத்தான் பெரும்பங்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதியும் இருக்கிறது: 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் ஒரு ராகம் தானம் பல்லவி வருஷத்துக்கு ஆயிரம் முறை ஓடுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவனுக்குப் பேண்ட்கேம்ப்பைக் காட்டினேன். அதே குழு அங்கே தன் ஆல்பங்களை எல்லாம் "விருப்பப்பட்ட விலை கொடுங்கள்" என்று வைத்திருந்தது. சும்மாவே எடுத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் அவன் மூன்று டாலர் கொடுத்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

கலைஞர்கள் ஆல்பத்தை ஸ்ட்ரீமிங்கில் தராமல் நிறுத்தி வைப்பது இன்று வந்த பழக்கம் இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட் 2014 நவம்பரில் தன் பாட்டுகளை எல்லாம் ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்தார், 2017 ஜூனில்தான் திரும்பினார். அடெல் 2015 நவம்பரில் வெளியிட்ட ஆல்பத்தை ஏழு மாதம் ஸ்ட்ரீமிங் பக்கமே விடவில்லை. அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் 33 லட்சத்துக்கு மேல் விற்றது. அவர்களுக்கு அது முடிந்தது, ஏனென்றால் அப்போது வாங்குவதற்குக் கடை இருந்தது. தென்னாப்பிரிக்காவில் மால்களில் மியூசிகா கடை இருந்தது. போய் சிடியை எடுத்துக்கொண்டு வரலாம். 2021 மே மாதத்தோடு மியூசிகா மொத்தமாக மூடப்பட்டது. இன்று ஒரு கலைஞர் "ஸ்ட்ரீமிங்கில் தரமாட்டேன்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "அப்போது எங்கே வாங்குவது?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லை என்றால் ரசிகர் திருட்டு எம்பி3 தேடப் போவார். பேண்ட்கேம்ப்பை நான் மதிப்பது முதலில் இந்த ஒரு காரணத்துக்காக.

ஒரு கம்பெனிக்கு மட்டும் ஆல்பத்தைக் கொடுப்பதை நான் இதோடு சேர்க்கமாட்டேன். பியோன்சேயின் 2016 ஆல்பம் மூன்று வருஷம் ஸ்ட்ரீமிங்கில் டைடல் என்ற ஒரே சேவையில் மட்டும்தான் இருந்தது. டைடல் அப்போது அவருடைய கணவர் ஜே ஸீயின் கையில். கேட்பவரை இன்னொரு சந்தாவுக்குள் இழுப்பதுதான் அதில் நடந்தது. அதனால் கலைஞர் சமூகத்துக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கி, கையில் வைத்துக்கொள்ள வழி செய்துவிட்டு ஸ்ட்ரீமிங்கை மறுப்பவர் பக்கம்தான் நான்.

சரி, கடைக்கு வருவோம். பேண்ட்கேம்ப் 2008-இல் தொடங்கியது. டிஜிட்டல் ஆல்பம் விற்றால் 15 சதவீதம், சிடி, எல்பி, டி ஷர்ட் என்றால் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கார்டு, பேபால் கட்டணமும் போக, சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்கோ அவருடைய ஆல்பத்தை வெளியிடும் லேபிளுக்கோ போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். அதிலும் பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று சில வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவில் கச்சேரிகள் எல்லாம் நின்றபோது ஆரம்பித்தது. நான் வாங்க நினைக்கும் ஆல்பங்களை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்து, அந்த வெள்ளிக்கிழமை வந்ததும் வாங்குகிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

விலையைக் கலைஞர் வைக்கிறார். பெரும்பாலும் டாலரிலும் பவுண்டிலும் இருக்கும். ஏழு டாலர் ஆல்பம் நம் கணக்கில் நூறு ரேண்டுக்கு மேல் ஆகும். அன்றைய மாற்று விகிதத்தையும் உங்கள் வங்கியின் கட்டணத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். மாதச் சந்தாவோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் வாங்கியது உங்கள் கையில் இருக்கிறது. எம்பி3-ஆக எடுக்கலாம், தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவும் எடுக்கலாம். ஒரு தடவை காசு கொடுத்தால் எல்லா வடிவத்திலும் இறக்கிக்கொள்ளலாம், கூடவே ஆப்பில் ஓடவிட்டும் கேட்கலாம். ஃப்ளாக் என்றால் ஓர் ஆல்பம் சில நூறு எம்பி வரும். மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள், வீட்டு ஃபைபரில் இறக்குங்கள்.

கோப்பு கையில் இருப்பதன் அருமை 2023-இல் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மின்வெட்டு ஸ்டேஜ் ஆறு வரை, அதாவது நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாத நிலை வரை, போன வருஷம் அது. கரண்ட் போனால் வைஃபை போகும், கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்து சிக்னலும் போகும். அப்போது வகுப்பு நடத்தியது லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்த கோப்புகளை வைத்துத்தான். இப்போது மின்வெட்டு பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. யூஎஸ்பியில் போட்டுக் காரிலும் வைத்திருக்கிறேன்.

வயலின் வாசிக்கிறவளாக எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் விவரம் எழுத அங்கே இடம் இருக்கிறது. யார் வாசித்தது, எங்கே பதிவு செய்தது, பாட்டின் வரிகள் எல்லாம் போடலாம். ஸ்ட்ரீமிங்கில் ஒரு கர்நாடக ஆல்பத்தைத் திறந்தால் பாடகர் பெயர் மட்டும் நிற்கும் இடங்கள் எத்தனையோ. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோடியை நிழலாகத் தொடர்ந்து வாசித்தவர் யார் என்று என் மாணவி கேட்டால், பழைய காசெட் அட்டையைத் தேட வேண்டியிருக்கிறது. பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லாமல் ஒரு பதிவு வெளியே போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

அங்கே என்ன வாங்கலாம்? நம் ஊர்க்காரர்கள் முதலில் ஆஸ் ஷம்ஸ் லேபிளின் பக்கத்துக்குப் போங்கள். ஜோகன்னஸ்பர்கில் கோஹினூர் என்ற ரெக்கார்டு கடை வைத்திருந்த ரஷீத் வாலி எழுபதுகளில் நடத்திய லேபிள் அது. இந்திய வம்சாவளிக் குடும்பத்துக் கடைக்காரர். அப்துல்லா இப்ராஹிம் 1974-இல் கேப்டவுனில் பதிவு செய்த, இந்த நாட்டு ஜாஸின் மிகப் புகழ்பெற்ற ரெக்கார்டைத் தயாரித்து வெளியிட்டவர் அவர்தான். நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் ஒரு கடைக்காரர் இப்படிச் செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழில் வேண்டும் என்றால் கானவ்யாவைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர், தமிழில் பாடுகிறார், ஜாஸ்காரர்களோடு சேர்ந்து பதிவு செய்கிறார். 2024-இல் வந்த அவருடைய ஆல்பங்களை வாங்கும் முன் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம்.

இனி அந்தக் குறைந்த ஒரு மதிப்பெண். சினிமாப் பாட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெரிய ஆடியோ கம்பெனிகளின் தமிழ்ப் பாட்டுகளுக்கு அது இடம் இல்லை. குடும்பத்துக்கு ஒரே கட்டணம் என்ற ஏற்பாடும் கிடையாது. எல்பி வரவழைப்பதை டர்பனிலிருந்து நான் பரிந்துரைக்கமாட்டேன். அனுப்பும் செலவு சில சமயம் ரெக்கார்டின் விலையையே தாண்டும், அதன்மேல் சுங்கமும் மதிப்புக் கூட்டு வரியும் சேரும். எனக்கு உண்மையில் கவலை தருவது கடை கைமாறிய விதம். 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது, அடுத்த ஆண்டே சாங்டிரேடர் என்ற நிறுவனத்துக்கு விற்றது. அந்த மாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலை போனது. கலைஞருக்கு நியாயம் செய்கிறேன் என்று சொல்கிற கடை தன் ஊழியரையும் அப்படி நடத்தியிருக்க வேண்டும். நாளைக்கு யார் வாங்குவார்கள், சதவீதத்தை என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வாங்கிய அன்றே இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள்.

இவ்வளவு தூரம் இதைப் பேசுவதற்குக் காரணம் இந்த மாகாணத்திலேயே இருக்கிறது. சாலமன் லிண்டா க்வாசூலு நடாலின் ம்சிங்கா பகுதிக்காரர். 1939-இல் ஜோகன்னஸ்பர்கில் அவர் பதிவு செய்த 'ம்பூபே' என்ற பாட்டு பின்னாளில் பல பெயர்களில் உலகம் முழுக்க ஓடிப் பல லட்சம் டாலர் சம்பாதித்தது. உரிமையைக் கொடுத்ததற்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். 1962-இல் வறுமையில் இறந்தார். மகள்கள் வழக்குப் போட்டு, 2006-இல்தான் ஒரு தீர்வு வந்தது. இந்த மண்ணில் இருந்துகொண்டு, "என் ஆல்பத்தை எங்கே, எந்த விலைக்கு விற்பது என்று நான் முடிவு செய்வேன்" என்று சொல்கிற கலைஞரைப் பார்த்துக் கோபப்பட என்னால் முடியாது.

கடைசியாக, சென்னையில் இருக்கும் இளம் வித்வான்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் சீசனில் நீங்கள் பாடும் கச்சேரிகளில் நல்லதாக ஒன்றைப் பதிவு செய்து பேண்ட்கேம்ப்பில் போடுங்கள். ராகம், தாளம், இயற்றியவர் பெயரோடு வயலின், மிருதங்கம், கடம், தம்புரா வாசித்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, முழுக் கச்சேரியை அங்கே விற்பனைக்கு வையுங்கள். ஆறு, ஏழு டாலர் வைத்தால் போதும். டர்பனில் நாங்கள் வாங்குகிறோம்.