முள்ளு முக்காலில் நின்றால் பெற்றோலும் முக்கால் இல்லை: ஐந்து கோடைகளின் படகுக் கணக்கு

ஒன்ராறியோ, பாரி நகரில் 18 அடி அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். பின்னால் 90 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் மோட்டர், தரைக்கு அடியில் 91 லீற்றர் தாங்கி. இது ஐந்தாவது கோடை. மோட்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத நினைத்தது பெற்றோல் கணக்கைப் பற்றி. அதில் முதல் வருடமே நன்றாக அடிபட்டேன்.

அந்தச் செப்டெம்பரில் குடும்பமாக நாலு பேர் சிம்கோ ஏரியைக் கடந்து ஒரிலியாவுக்குப் போனோம். கெம்பன்ஃபெல்ட் குடாவால் வெளியேறி, வடக்கே அதர்லி நீரிணை ஊடாக, 40 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. வெளிக்கிடும்போது மைத்துனர் பெற்றோல் மானியைப் பார்த்து, "அத்தான், முள்ளு முக்காலில நிக்குது, தாராளமாக் காணும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

போகும்போது ஏரி அமைதி. திரும்பும்போது தென்மேற்குக் காற்று நேர் முகத்துக்கு. சிம்கோ ஆழம் குறைந்த ஏரி. காற்று எழும்பினால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். வேகமாக ஓடினால் படகு அறைந்தது. பிள்ளை பயந்து அழ, மணிக்கு 13 கிலோமீற்றருக்கு இறக்கினேன். மெதுவாகப் போனால் எண்ணெய் மிஞ்சும் என்றுதான் நினைத்தேன். கரைக்கு 3 கிலோமீற்றர் இருக்கையில் மோட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. முள்ளு அப்போதும் காலுக்குச் சற்றுக் கீழேதான் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வழியால் வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மனுசி ஒரு மாதம் படகில் ஏறவில்லை.

அடுத்த வசந்தத்தில், படகு டிரெய்லரில் சமமாக நிற்க, தாங்கியை வடித்துவிட்டு அளந்து அளந்து ஊற்றினேன். மானிக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ஒவ்வொரு 10 லீற்றருக்கும் முள்ளு எங்கே நிற்கிறது என்று பேனையால் கோடு போட்டேன். முக்காலில் இருந்தது 58 லீற்றர். அரையில் 34. காலில் வெறும் 14. படகின் அடி வி வடிவம். அதற்கேற்பத் தாங்கியும் கீழே ஒடுங்குகிறது. தாங்கிக்குள் முள்ளை அசைக்கும் மிதவை பெற்றோலின் உயரத்தைத்தான் காட்டும், கொள்ளளவை அல்ல. அடியில் கிடக்கும் 4 லீற்றர் அளவை உறிஞ்சு குழாய் எட்டுவதுமில்லை. அந்த டேப் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் வாங்கிப் பூட்டிய எந்தக் கருவியையும் விட அது பெறுமதியானது.

மற்றப் பாடம் வேகம். மூன்று பேருடன், அமைதியான நாட்களில் நான் குறித்து வைத்தவை இவை. மணிக்கு 8 கிலோமீற்றரில் ஊர்ந்தால் மணித்தியாலத்துக்கு 3.5 லீற்றர் எரிகிறது, அதாவது லீற்றருக்கு 2.3 கிலோமீற்றர். மோட்டர் நிமிடத்துக்கு 3,800 சுற்றில் சுழன்று, படகு தண்ணீருக்கு மேலே எழும்பி 35 கிலோமீற்றரில் ஓடும்போது 15 முதல் 16 லீற்றர். அதுவும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். முழுக்கத் திறந்தால் மணித்தியாலத்துக்கு 33 லீற்றர் போகிறது, லீற்றருக்கு 1.7 கிலோமீற்றர். எல்லாவற்றிலும் மோசம் நடுவில் உள்ள 13, 15 கிலோமீற்றர் வேகம்: மூக்கு மேலே, பின்புறம் தாழ்ந்து, தான் எழுப்பிய அலையிலேயே படகு ஏறிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு லீற்றருக்கு 1.2 கிலோமீற்றர்தான் கிடைத்திருக்கும். காரில் மெதுவாக ஓட்டிப் பழகிய புத்தி தண்ணீரில் உதவாது.

எழும்பி ஓடத் தொடங்கியதும் மோட்டரைக் கொஞ்சம் வெளியே சரியுங்கள். வேகக் கைப்பிடியை அசைக்காமலே சுற்று நூறு, இருநூறு கூடும். இதைச் செய்யாமல் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

மூன்றாவது கோடையில் எரிபொருள் ஓட்டத்தைக் காட்டும் திரை பூட்டினேன். மோட்டரின் கணினி சொல்வதைத்தான் அது காட்டும். அதையும் அப்படியே நம்பவில்லை. முதல் தரம் நிரப்பும்போது திரை 61 லீற்றர் செலவு என்றது, பம்பில் 66 ஏறியது. 1.08 ஆல் பெருக்கும்படி திருத்திய பிறகு இரண்டு லீற்றருக்கு மேல் பிசகவில்லை. ஆனால் நிரப்பிய ஒவ்வொரு முறையும் திரையை மறக்காமல் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, கையிருப்பு மூன்றில் ஒன்று என்பது படகோட்டிகளின் பழைய வழக்கம். நான் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பார்க்கிறேன்: போகும் கிலோமீற்றரை 2.2 ஆலும், வரும் கிலோமீற்றரை 1.2 ஆலும் பிரிப்பேன். ஒரிலியா என்றால் 20 லீற்றர் போக, 36 லீற்றர் வர. அதற்கு மேல் 20 லீற்றர் இல்லாவிட்டால் கயிற்றை அவிழ்ப்பதில்லை. மரீனாவில், அதாவது படகுத்துறையில், பெற்றோல் விலை கூடத்தான், அதற்காகக் குறைத்து அடிப்பதுமில்லை.

போன சனிக்கிழமையும் ஒரிலியாவில் 20 லீற்றர் அடித்துக்கொண்டுதான் திரும்பினேன். காற்று எழும்பவே இல்லை. அந்த 20 லீற்றரும் அப்படியே தாங்கியில் கிடக்கிறது.