கிரேக்கத் தயிரா, சட்டித் தயிரா?

கிரேக்கர்களின் தயிர்ப் பச்சடியான சாட்சிகிக்கு வடித்த தயிர், துருவிய வெள்ளரிக்காய், உள்ளி, ஒலிவ் எண்ணெய் போதும். திருகோணமலையில் அதற்கு இரண்டு தயிர்கள் கைவசம் உண்டு.

கடையில் விற்கும் கிரேக்கத் தயிர் ஏற்கெனவே வடிக்கப்பட்டது, திறந்ததும் கலக்கலாம். விலைதான் கையைக் கடிக்கிறது.

கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் வேறு ரகம். எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், பசுப்பாலில் 4 வீதமளவே. ஆகவே அது இயல்பிலேயே கெட்டி. மண்சட்டியும் கொஞ்சம் நீரை உறிஞ்சிவிடும். ஆனாலும் வடித்தே ஆகவேண்டும். மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 மணி நேரம் விடுங்கள். துணியைப் பிரித்தால் நெசவின் அச்சு பதிந்த வெண்கட்டி இருக்கும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாது. வடிந்த தெளிவைக் கொட்டாதீர்கள், ரொட்டிக்கு மாப்பிசைய அருமையானது.

எந்தத் தயிரானாலும் காரியத்தைக் கெடுப்பது வெள்ளரிக்காய். துருவி உப்பிட்டு, 15 நிமிடம் கழித்துக் கை வலிக்கப் பிழியுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் நீர்த்துப்போகும்.

அவசரத்துக்குக் கிரேக்கத் தயிர் சரி. என் தெரிவு எருமைத் தயிர்தான்: அதன் கொழுப்பு பச்சை உள்ளியின் காரத்தை அடக்குகிறது, பொரித்த பாரை மீனோடு அவ்வளவு பொருந்துகிறது.