'புது 36' டயர் செட்: காசு கொடுக்குமுன் நட்டு தழும்பைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஆர்சி (ரிமோட்) கார் ஓட்டும் தம்பிகள் கவனத்துக்கு. அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள (1/10) டூரிங் காருக்கான 36 டயர் (36 என்பது ரப்பர் வகை எண்), ரிம்மில் ஒட்டியது, 'புத்தம் புதுசு' என்று செட் 95 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கடையில் விற்கிறார்கள். இங்கே கைக்கு வந்த மூன்று செட்டும் ஓடித் தேய்ந்தவை. கழுவி, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பழசை விற்பது தப்பில்லை. பழசு என்று சொன்னால் பயிற்சிக்கு 30 வெள்ளி கொடுத்துத் தாராளமாக வாங்கலாம்.

முதலில் ரிம்மின் வெளிமுகத்தைப் பாருங்கள். வீல் நட்டின் பற்கள் பிளாஸ்டிக்கைக் கடித்து வட்டமாகத் தழும்பு விட்டிருக்கும். எந்த ஸ்ப்ரேயும் அதை மறைக்காது. பின்புறம் 12 மில்லிமீட்டர் அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். புது ஸ்லிக் டயரின் நடுவில் மயிரிழை போல அச்சுக்கோடு ஓடும். தாரில் கொஞ்ச நேரம் ஓடினாலே அது போய்விடும். பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்து உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டிலும் விட்டம் அளக்க வேண்டும். இந்த செட்டுகளில் உள்விளிம்பு அரை மில்லிக்கு மேல் குறைவு. கேம்பர் வைத்து, அதாவது சக்கரத்தைச் சாய்த்து வைத்து ஓட்டிய தேய்மானம் அது, வேறொன்றுமில்லை. கடைசியாக, விரலால் சுற்றிவர அமுக்குங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் கிழிந்த இடம் பொசுக்கென்று அமுங்கும்.

நம் வெயிலுக்குத்தான் 36 போடுகிறோம். 28, 32 எல்லாம் சூடு குறைந்த தாருக்கு. ரப்பர் இறுகிவிட்டால் எண் 36 ஆக இருந்தும் பயனில்லை. இரண்டு நிமிடத்தில் பின்பக்கம் வழுக்கும், விட்டம் ஒத்துப்போகாததால் கார் ஒரு பக்கம் இழுக்கும். அது தெரியாமல் ஸ்பிரிங், டிஃப் (டிஃபரன்ஷியல் கியர்) ஆயில் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். ஒரே செட் டயர் விதி உள்ள பந்தயத்தில் இன்னும் மோசம்: காலைச் சோதனையில் குறி போட்ட செட்டோடுதான் ஃபைனல் வரை ஓட வேண்டும். 95 வெள்ளியோடு நுழைவுக் கட்டணமும் போச்சு.

ஏற்கெனவே வாங்கியவர்கள் டயரை ஓட்டாதீர்கள். பை, ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, நட்டு தழும்பின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பாரம் 1 நிரப்பலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் போட வேண்டும். இது வியாபாரிக்கு எதிராக மட்டும்தான். பாடாங்கில் (திடலில்) நண்பரிடம் பழசாக வாங்கியதற்குச் செல்லாது.